கத்திரி வெயிலில் மூன்று கிகாஹெர்ட்ஸ்

மே 6, 2025, செவ்வாய், பாகூர்

கத்திரி பிறந்து மூன்றாம் நாள். காலை பத்து மணிக்கே கடைக்குள் 36 டிகிரி. வைகாசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகைகள், ஒரு வளைகாப்பு பேனர், நடுவில் அவசரமாக ஒரு கண்ணீர் அஞ்சலி. டிசைன் வேலையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குச் சுமையே இல்லை. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால்தான் திணறுகிறது. அது ஓடும்போது பத்திரிகை ஃபைலைத் திறந்தால் மவுஸ் நகராது. பார்ட்டி எதிரிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார்.

அக்கா மகன் காலேஜ் லீவில் வந்திருக்கிறான். "புதுசு வாங்காதீங்க மாமா. உள்ள இருக்கறது க்யூ6600. ஓவர்க்ளாக்குக்குப் பேர் போன சிப்பு" என்கிறான். போர்டு 2010-ல் வாங்கியது, ஜி41 சிப்செட், டிடிஆர்2 ராம் 4 ஜிபி. சிப் மட்டும் பிறகு செகண்ட்ஹேண்டில் போட்டது. இன்டெல் அதை வெளியிட்டது 2007 ஜனவரியில். அன்றைக்கு நாலு கோர் என்றால் பெரிய விஷயம்.

கணக்கு எளிது. போர்டில் ஓடும் அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குள் அதை 9-ஆல் பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த 9-ஐ மேலே ஏற்றவிடாமல் இன்டெல் பூட்டிவிட்டது. அதனால் 266-ஐத்தான் ஏற்ற வேண்டும். 333 ஆக்கினால் சரியாக 3 கிகாஹெர்ட்ஸ், கால் பங்கு கூடுதல். நாற்பது நிமிட எக்ஸ்போர்ட் முப்பத்திரண்டு நிமிடத்தில் முடியும். எட்டு நிமிடத்துக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்டார்கள். முகூர்த்த நாளில் எட்டு நிமிடம் என்பது ஒரு டீ, ஒரு சண்டை.

மே 7, புதன்

பெட்டியைத் திறந்தோம். நவரை அறுவடை நேரத்துத் தூசி முழுக்க ஹீட்சிங்க் இறகுகளுக்குள். ஃபேனுக்கு அடியில் கம்பளிமாதிரி ஒரு படலம். அதைத் தாண்டிக் காற்று எங்கே போகும்?

ஹீட்சிங்கைக் கழற்றினால், நடுவில் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, விபூதியாக உதிர்கிறது. துடைத்ததும் சிப்பின் மூடியில் எழுத்து தெரிந்தது. எஸ்எல்ஏசிஆர். மாப்பிள்ளை துள்ளிக் குதித்தான். க்யூ6600 முதலில் வந்தபோது 105 வாட் ரகம். 2007 நடுவில் வந்த திருத்தப் பதிப்பு 95 வாட். குறைந்த சூட்டில் அதிக வேகம் தாங்கும் என்று தேடித்தேடி வாங்கினார்களாம். கடைக்காரர் எதையோ எடுத்துக் கொடுத்தது நமக்கு இதுவாக அமைந்தது.

சுத்தம் செய்வதற்கு முன் முழு வேலையில் ஒரு கோர் 98 டிகிரி காட்டியது. நூறை நெருங்கினால் இந்தச் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, இத்தனை நாள் 2.4-க்கும் கீழேதான் ஓடியிருக்கிறது. பிரஷ் போட்டு, புது பேஸ்ட் தடவி மாட்டியபின் அதே வேலையில் 74. பயாஸுக்குள் நுழையாமலே எக்ஸ்போர்ட் வேகமாகிவிட்டது. பழைய மெஷினை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். மாப்பிள்ளை நிறுத்துகிற ஆளில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

மே 8, வியாழன்

ஹீட்சிங்கின் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் குச்சி. அழுத்தித் திருப்பினால் போர்டின் துளையில் கவ்விக்கொள்ள வேண்டும். இந்த 775 சாக்கெட் காலத்தில் இதைப்பற்றிப் புலம்பாதவர் இல்லை. பழைய பிளாஸ்டிக் என்பதால் ஒன்று கவ்வவில்லை. ஒரு மூலை தூக்கிக்கொண்டால் இரண்டு கோர் மட்டும் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது.

குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, ஹார்டுவேர் கடையில் போல்ட்டு, நட்டு, ஃபைபர் வாஷர் வாங்கி முறுக்கினோம். வாஷர் முக்கியம். உலோகம் போர்டின் செம்புக் கோட்டில் பட்டால் அதோடு கதை முடிந்தது. எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் போர்டு வளையாது. இப்போது நாலு கோரும் மூன்று டிகிரிக்குள் நிற்கின்றன.

மே 9, வெள்ளி

பயாஸ். முதலில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துடிப்பை 100-லேயே பூட்டினான். பழைய காலத்துப் போர்டுகளில் அடிப்படைத் துடிப்பை ஏற்றினால் ஹார்டு டிஸ்க்கின் கண்ட்ரோலரும் கூடவே ஏறும். கல்யாண வீடியோ ஃபைல் முழுக்கக் கெட்டு, ஏன் என்றே தெரியாமல் போகும்.

அடுத்தது ராம். இது 800 ரகம். 266-க்கு 2:3 விகிதத்தில் 400 ஓடும், இரட்டிப்பு எடுத்தால் 800. விகிதத்தை மாற்றாமல் 333-க்குப் போனால் ராம் 1000-ல் ஓட வேண்டிவரும். சிப் தாங்கும், ராம் தாங்காது. விகிதத்தை 5:6 ஆக்கினால் 333-லும் ராம் 800-ஐத் தாண்டாது. சிப்பைக் குறை சொல்லும் பாதிப் பேர் உண்மையில் ராமிடம் தோற்றவர்கள் என்கிறான்.

மதியம் 300-ல் நிறுத்தினோம். 2.7 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜைத் தொடவில்லை. சோதனைக்குப் பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய, மெர்சென் பகா எண்களை உலகத்துக் கம்ப்யூட்டர்களைக் கூட்டித் தேடும் திட்டத்தின் மென்பொருள் அது. விடை ஏற்கெனவே தெரிந்த பெரிய பெருக்கல்களைக் கொடுத்து, சிப் ஓர் இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாகப் பிடித்த எண்ணை 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்த எண். நாலு கோடிக்கும் மேல் இலக்கம். பாகூரில் அந்தத் திட்டத்தின் மென்பொருள் ஒரு டேபிள் ஃபேன் முன்னால் ஓடுகிறது. ஃபேன் வீட்டிலிருந்து வந்தது. வீட்டில் இன்னும் கவனிக்கவில்லை.

மே 10, சனி

ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், ராம் பிழை. மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. நான் 266-க்குத் திரும்பச் சொன்னேன். அங்கேயும் பிழை. ஆக ஓவர்க்ளாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ராமைப் பிடுங்கினால், பொன்னிறப் பல்லெல்லாம் மங்கிப்போய் இருக்கிறது. இது ஃபெஞ்சல் வேலை என்று நினைக்கிறேன். போன நவம்பர் 30-ல் புயல் கரையேறி, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்க, பாகூர் பக்கம் முழுக்க வெள்ளம். கம்ப்யூட்டரைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம், தண்ணீர் தொடவில்லை. ஆனால் ஈரம் சுவரைவிட்டுப் போக வாரக்கணக்கானது. கடல் வேறு பக்கத்தில்தான். ஆடியோ செருகும் இடத்திலும் பச்சை பூத்திருக்கிறது.

பென்சில் அழிப்பான் வைத்து மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஸ்லாட்டையும் பிரஷால் சுத்தம் செய்து மாட்டினோம். பிழை இல்லை. 300-க்கு ஏற்றியும் இல்லை.

மே 12, திங்கள்

333. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. திரை கருப்பு. ஜம்பரை மாற்றி வைத்து பயாஸ் நினைவைத் துடைத்தோம். வந்தது, ஆனால் தேதி 2009-க்குப் போய்விட்டது. போர்டின் காசு பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 2.5 வோல்ட். மூன்று இருக்க வேண்டியது. மாற்றியாயிற்று.

வோல்டேஜை 1.25-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் 333-ல் விண்டோஸ் வருகிறது. இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வேகம் ஏறினால் சூடு அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் ஏறினால் வர்க்கத்தில் ஏறும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன்: கால் பங்கு வேகத்துக்கு ஏறக்குறைய 46 சதவீதம் கூடுதல் சூடு. அந்த மின்சாரத்தைச் சிப்புக்கு ஊட்டும் மாஸ்ஃபெட்டுகள் சாக்கெட் ஓரமாக மொட்டையாக நிற்கின்றன. விலை குறைந்த போர்டு, அவற்றின் தலையில் ஹீட்சிங்க் இல்லை. விரலை இரண்டு நொடி வைக்க முடியவில்லை.

வோல்டேஜ் விஷயத்தில் கம்பெனிகளே சறுக்குகின்றன. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைவதை 2024-ல் இன்டெல்லே ஒத்துக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. நம்முடையதற்கு வாரண்டி கொடுக்க யாருமில்லை.

சாயங்காலம் ஏழரைக்கு, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அப்படியே உறைந்தது. சித்ரா பௌர்ணமி. மூலநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். மாப்பிள்ளை அசையவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 13, செவ்வாய்

இன்று பகலெல்லாம் 333-ல் ஓடியது. ஏழு மணிக்குமேல் மறுபடி நின்றது. அப்படியென்றால் கோளாறு சூட்டில் இல்லை. பகலில்தானே சூடு அதிகம்? பிளக் பாயிண்டில் மீட்டரைச் செருகினேன். மதியம் 228 வோல்ட் இருந்தது, இப்போது 183. தெருவெல்லாம் ஏசி போடுகிற நேரம்.

அப்புறம் கவனித்தோம், இன்வெர்ட்டர் டக் டக்கென்று மாறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ், நார்மல் என்று. கம்ப்யூட்டருக்காக யுபிஎஸ்ஸில் வைத்திருக்கிறோம். அந்த நிலையில் கரண்டு 180-க்குக் கீழே போனதும் பேட்டரிக்குத் தாவும், ஏறியதும் திரும்பும். 180-ஐச் சுற்றியே ஆடினால் நிமிடத்துக்கொரு தாவல். ஒவ்வொரு தாவலிலும் ஏறக்குறைய பத்து மில்லிசெகண்ட் கரண்டே இல்லை.

அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர். நம்முடையது பிஎஃப்சி இல்லாத பழைய ரகம். 230 வோல்ட் வந்தால் அந்தக் கெபாசிட்டர் 325 வோல்ட்வரை நிரம்பும். 183 வந்தால் 259-தான். சேர்த்து வைக்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கம், எனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. பதினைந்து வருஷத்துக் கெபாசிட்டர் என்பதால் கொள்ளளவும் குறைந்திருக்கும். 2.4-ல் எப்படியோ தாக்குப்பிடித்தது. 3.0 கேட்பது அதற்கு அதிகம்.

மஞ்சள் ஒயரில் அளந்தேன். சும்மா இருக்கும்போது 12.04. பிரைம்95 ஓடும்போது 11.31. ஐந்து சதவீதம்வரை இறங்கலாம், அதாவது 11.4. எல்லைக்கு வெளியே போய்விட்டது.

"சிப்பு நல்லா இருக்கு மாமா. சுத்தி இருக்கறதுதான்…" என்று இழுத்தான்.

மே 15, வியாழன்

போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வில்லியனூர். சுல்தான்பேட்டையில் டிவி, இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கும் பாய், எனக்குப் பல வருஷப் பழக்கம். போர்டைச் சாய்த்துப் பார்த்தவுடனே காட்டினார். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர்களின் தலை லேசாக உப்பியிருக்கிறது. தட்டையாக இருக்க வேண்டிய இடம். ஒன்றின் அடியில் பழுப்புக் கறை.

"இது பரவால்ல தம்பி, பதினஞ்சு வருஷம் உழைச்சிருக்கு. ரெண்டாயிரத்துல வந்ததெல்லாம் ரெண்டு வருஷத்துல வெடிக்கும்" என்றார். தப்பில்லை. 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் மோசமான திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறின. டெல் கம்பெனி 2005-ல் இதற்காகவே 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

பாயிடம் உட்கார்ந்தபடியே இன்னொரு கணக்கு. மேலே 105 டிகிரி, 2000 மணி என்ற வகைக் கெபாசிட்டர். பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான விதி. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி. தினம் எட்டு மணி நேரமென்றால் பதினோரு வருஷம். அதையே 75-ல் ஓட்டினால் ஐந்தரை வருஷம். அறையே 37-ல் இருக்கும் ஊரில், பெட்டிக்குள் மாஸ்ஃபெட் ஓரத்தில் 75 ஒன்றும் அதிசயமில்லை.

ஓவர்க்ளாக் என்றதும் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. 1998-ல் வந்த செலரான் 300ஏ! 66-ல் ஓட வேண்டியதை 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். பயாஸில் வழியில்லாத போர்டு என்றால், கார்டில் பி21 என்ற ஒரே ஒரு பல்லின்மேல் டேப் ஒட்டினால் போதும், போர்டு ஏமாந்து 100 கொடுத்துவிடும். அவர் நகப்பாலிஷ் பூசிச் செய்திருக்கிறாராம். மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. க்யூ6600-லும் அதே வித்தை உண்டு, அடியில் ஜி30 என்ற புள்ளியை டேப்பால் மறைத்தால் 266 தானாக 333 ஆகும் என்றான். இரண்டு பேரும் அரைமணி நேரம் இதையே பேசினார்கள். டீ மட்டும் நான் வாங்கினேன்.

மே 17, சனி

பாய் கெபாசிட்டர்களை மாற்றிக் கொடுத்துவிட்டார். போர்டு பல அடுக்கு, தரை இணைப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணச் சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் உருகாது, அழுத்தினால் துளையின் உள் வளையம் பிய்ந்துவிடும். பெரிய அயர்னும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் வில்லியனூர்வரை போனது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க மட்டும் மறுத்துவிட்டார். "இதுல காச போடாதீங்க, புதுசு வாங்குங்க."

மே 18, ஞாயிறு

விடியற்காலை நாலு மணி. மாப்பிள்ளை எழுப்பினான். அறை 28 டிகிரி, கரண்டு 236 வோல்ட், இன்வெர்ட்டர் அசையவில்லை. 333-ல், 1.35-ல்கூட இல்லை, 1.31-லேயே ஓடுகிறது. கெபாசிட்டர் மாற்றியதில் வோல்டேஜ் ஆட்டம் அடங்கியிருக்கிறது. சூடு 79. ஒரு காதுகுத்து வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டான். எட்டு நிமிடம் மிச்சம் என்று நான் போட்ட கணக்கு ஏழில் வந்து நின்றது. ஹார்டு டிஸ்க் ஓவர்க்ளாக் ஆகாதே.

ஒன்பது மணிக்கு அறை 34. அதே வேலையில் 86. பதினொன்றுக்கு பிரைம்95 ஒரு கோரில் பிழை காட்டி நின்றது. 333-லிருந்து 320-க்கு, அப்புறம் 310-க்கு. வெயில் ஏற ஏற எண் இறங்குகிறது. சாயங்காலம் சூடு குறைந்ததும் கரண்டு இறங்குகிறது. நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில், ஊர் தூங்கும்போது மட்டும், எங்களிடம் மூன்று கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது.

மே 20, செவ்வாய்

புது எஸ்எம்பிஎஸ் விசாரித்தேன். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளது என்றால் 90 வோல்ட் முதல் 264 வரை எது வந்தாலும் உள்ளே 380 வோல்ட் அளவில் நிரப்பி வைத்துக்கொள்ளும். சாயங்கால நோய் தீர்ந்துவிடும். மூவாயிரம் சொல்கிறார்கள். இன்னொரு நாலைந்தாயிரம் போட்டால் ஆபீஸில் கழித்துக் கட்டிய நாலாம் தலைமுறை ஐ5 மெஷினே கிடைக்கும். அது எங்கள் 3.0-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம், கரண்டும் குறைவு. ஆனால் அந்த மெஷின்களில் பல கம்பெனி வடிவ எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும். இன்று வாங்குகிற மூவாயிரத்தை நாளை அதில் மாட்ட முடியாது.

இன்னொரு சுவரும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வரும் அக்டோபர் 14-ஓடு நிற்கிறது. 11-ன் 24எச்2 பதிப்பு பாப்கவுண்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைகள் இல்லாத சிப்பில் கிளம்பவே கிளம்பாது. க்யூ6600-ல் அவை கிடையாது. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் இல்லாத கட்டளை முளைக்காது. புது எடிட்டிங் சாஃப்ட்வேர் சிலவும் இதே காரணத்தால்தான் திறக்க மறுத்தன என்பது இப்போது புரிகிறது.

இதைச் சொன்னபோது மாப்பிள்ளை எதிர்வாதம் செய்யவில்லை. போர்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 23, வெள்ளி

முடிவு: 300, அதாவது 2.7 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் பழையபடி, ராம் விகிதம் 2:3-லிருந்து இறக்கியது இறக்கியதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கும் 77-ஐத் தாண்டவில்லை, ராத்திரி எட்டு மணி இன்வெர்ட்டர் தாவலிலும் விழவில்லை. மாஸ்ஃபெட்டுகளின் தலையில் பழைய போர்டிலிருந்து பிடுங்கிய குட்டி ஹீட்சிங்குகளை ஒட்டினோம். பக்கக் கதவு மூடியே இருக்கும், பின்னால் ஒரு ஃபேன் கூடுதல். சேர்த்துப் பார்த்தால் கெபாசிட்டர், பேட்டரி, பேஸ்ட், போல்ட்டு எல்லாம் அறுநூறு ரூபாய்க்குள். பாய் கூலி தனி.

எஸ்எம்பிஎஸ் வாங்கவில்லை. அந்த மூவாயிரம் ஐ5-க்கு முன்பணம். முகூர்த்தப் பணம் வந்ததும் சென்னை ரிச்சி தெரு போகலாம் என்று பேச்சு.

மாப்பிள்ளை நாளை கிளம்புகிறான். எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டு, அடியில் "மார்கழியில் 333" என்று சேர்த்திருக்கிறான். மார்கழிக்குள் விண்டோஸ் 10 அப்டேட் நின்றிருக்கும். இதில் லினக்ஸ் போட்டுப் பத்திரிகை டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பழைய தமிழ் ஃபாண்டுகளில் அடித்த ஃபைல்கள் அதில் ஒழுங்காகத் திறக்குமா என்பதை அவன் கிளம்புவதற்குள் ஒரு பென்டிரைவில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டேபிள் ஃபேனை வீட்டில் கேட்டுவிட்டார்கள்.